கிரியேட்டினின்: ஓர் எண்ணின் வரலாறு

பெங்களூரு விவேக் நகரில் ஒருவர் பெறும் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘சீரம் கிரியேட்டினின் 1.1’ என்றிருந்தால், அது பெரும்பாலும் ‘இயல்பு’ வரம்புக்குள் அடங்கிவிடும். அவ்வரம்பு எவருடைய இயல்பு என்பதே வரலாற்றுக் கேள்வி.

தசைகளில் உருவாகும் இக்கழிவைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. வடிதிறன் குன்றினால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். 1886-இல் மேக்ஸ் யாஃபே, காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்துடன் அது செம்மஞ்சள் நிறம் தருவதைக் கண்டறிந்தார். இன்றும் பல ஆய்வகங்கள் அந்நிறத்தையே அளக்கின்றன.

தசை மிகுந்தால் கிரியேட்டினினும் மிகும். ஆகவே எண் மட்டும் போதாது. 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் வயதையும் எடையையும் சேர்த்து வடிதிறனைக் கணிக்கும் சூத்திரம் வகுத்தனர். அதன் அடிப்படை கனடாவின் 249 நோயாளிகள். ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். பெண்களுக்கான 15 விழுக்காட்டுக் குறைப்பு ஓர் ஊகமே.

அமெரிக்காவில் உருவாகிய 2021-ஆம் ஆண்டுச் சூத்திரம் இனக் காரணியைக் கைவிட்டது. அதன்படி, அதே 1.1 அளவுக்கு 25 வயது ஆணின் வடிதிறன் நிமிடத்துக்குச் சுமார் 95 மி.லி.; 70 வயதுப் பெண்ணுக்கோ 54 மட்டுமே. 60-க்குக் கீழ் மூன்று மாதங்கள் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். எனினும் இச்சூத்திரமும் இந்தியரின் மெலிந்த உடலையும் சைவ உணவையும் முன்வைத்துக் கட்டப்பட்டதன்று. அறிக்கையின் ‘இயல்பு’ என்னும் சொல் விடையன்று. வயது, பால், உடல்வாகு ஆகியவற்றோடு சேர்த்து எழுப்பவேண்டிய வினாவின் தொடக்கம்.