பொது நூலகக் கூட்ட அரங்குகள் (தமிழ்நாடு)

பொது நூலகக் கூட்ட அரங்கு என்பது, நூலகக் கட்டடத்துக்குள் சொற்பொழிவு, நூல் வெளியீடு, வாசகர் வட்டக் கூட்டம், பயிற்சி வகுப்பு முதலியவற்றுக்காக ஒதுக்கப்பட்ட கூடம். சில அரங்குகள் கட்டணமின்றித் தரப்படுகின்றன. சில வாடகைக்கு விடப்படுகின்றன. பொருள் விற்கவும் வாடிக்கையாளர் பிடிக்கவும் வருவோருக்கு இவற்றைத் தரலாமா என்ற கேள்வி, அரங்கு கட்டிய நாள்முதல் நூலகர்களின் மேசையில் இருந்துவருகிறது.

சட்ட அடிப்படை

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இல் நிறைவேறியது. வரைவுக்கு உழைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன், சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். 1950 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்பட்டது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு.

ஆணைக்குழுவின் அதிகாரங்களைச் சொல்லும் பிரிவு சுவையானது. நிலம், கட்டடம், மேசை நாற்காலி வாங்கலாம். நூல், இதழ், நிலப்படத்தோடு விளக்குப் படத்தட்டுகளும் திரைப்படச் சுருள்களும் சேர்க்கலாம். சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் ஏற்பாடு செய்யலாம். இந்தக் கடைசித் தொடர்தான் தமிழ்நாட்டு நூலக அரங்குகளின் பிறப்புச் சான்று. படம் போட்டுக் காட்ட இருட்டறை வேண்டும், பேச்சைக் கேட்க நாற்காலி வரிசை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூலகத்துக்கு வரவேண்டும் என்று எண்ணியவர்கள் எழுதிய பிரிவு இது. ஆகவே அரங்கு முதலில் கல்விக்கானது. வாடகை வருமானம் பின்னால் வந்த பழக்கம்.

முன்வரலாறு

1890-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1896 டிசம்பர் 5-இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் பெருமை, தேக்கு அலமாரிகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட அதன் படிப்புக் கூடம். கூட்டம் போட வேண்டுமென்றால் அதே வளாகத்தில் மியூசியம் தியேட்டர் இருந்தது. நகரத்துப் பொதுக்கூட்டங்கள் விக்டோரியா பப்ளிக் ஹாலிலும், பின்னர் அன்னி பெசன்ட் எழுப்பிய கோகலே மண்டபத்திலும் நடந்தன. புத்தகத்துக்கு ஒரு கட்டடம், பேச்சுக்கு ஒரு கட்டடம் என்பதே ஆங்கிலேயர் கால ஏற்பாடு.

இந்தப் பிரிவினையை உடைத்தது நூலக இயக்கம். மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் அய்யங்கி வெங்கடரமணய்யா போன்றோர் முன்னின்று 1914-இல் விஜயவாடாவில் நூலக மாநாடு கூட்டினர். 1919 நவம்பரில் அகில இந்திய மாநாடு சென்னையில் கூடியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற ரங்கநாதன் 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். 1931-இல் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. புத்தகம் ஊருக்குப் போனால் ஊரும் புத்தகத்தைச் சுற்றிக் கூடும் என்பது இவர்களின் கணக்கு.

ஆனால் தமிழ்ப் பகுதியில் நூலகத்தையும் கூட்டத்தையும் உண்மையில் ஒன்றாக்கியவை படிப்பகங்கள். திராவிட இயக்கத்தினரும் பொதுவுடைமையரும் தெருமுனைகளில் நடத்திய இவற்றில் காலையில் நாளிதழ், மாலையில் பேச்சு. ஒரே பெஞ்சு இரண்டுக்கும் போதும். அரசு நூலகங்களின் வாசகர் வட்டம் இந்த மரபின் அமைதியான வாரிசு எனலாம். கட்சிக்கொடி மட்டும் இல்லை.

வகைகள்

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் பொது நூலகத் துறை தன் நூலகங்களைத் தரம் பிரித்துள்ளது. தனி அரங்கு என்பது பெரும்பாலும் மைய நூலகத்தோடு நின்றுவிடும். சென்னை அண்ணா சாலையின் தேவநேயப் பாவாணர் மைய நூலக அரங்கே இவற்றுள் பெயர் பெற்றது. எழுத்தாளர்கள் வாயில் அது ‘எல்.எல்.ஏ. பில்டிங்’ (எல்.எல்.ஏ. என்பது நூலக ஆணைக்குழுவின் ஆங்கிலச் சுருக்கம்). சிறு பதிப்பகங்களின் வெளியீட்டு விழாக்களில் எத்தனையோ இங்கு நடந்துள்ளன.

2010 செப்டம்பர் 15-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் வேறு அளவு. ஏறத்தாழ 1,280 பேர் அமரும் அரங்கு, 800-க்கு மேற்பட்டோருக்கான திறந்தவெளி அரங்கு, 151 பேருக்கும் 30 பேருக்குமான இரு கூட்ட அறைகள் அங்கு உண்டு. இவ்வளவு பெரிய கூடத்தை வாசகர் வட்டத்தால் நிரப்ப முடியாது. வெளியாருக்கு விடும் சிக்கல் அங்கே பெரிதாயிற்று.

வணிக நோக்கினர்

நூலக அரங்கு கேட்டு வரும் வணிகர் தம்மை வணிகர் என்று சொல்லிக்கொள்வதில்லை. போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ‘வழிகாட்டுதல் கருத்தரங்கு’ நடத்தும். தனியார் மருத்துவமனை ‘இலவசக் கண் பரிசோதனை முகாம்’ வைக்கும். காப்பீட்டு முகவர் ‘சேமிப்பு விழிப்புணர்வு’ என்பார். அரங்கில் எதுவும் விற்கப்படாது. வாசலில் ஒரு வருகைக் குறிப்பேடு இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் கைபேசி எண்ணுக்கு அகலமான பத்தி. விற்பனை மறுநாள் காலை தொலைபேசியில் தொடங்கும். நூலகத்தின் பெயர் தரும் நம்பகத்தன்மைதான் இவர்கள் உண்மையில் வாடகைக்கு எடுப்பது. ‘விற்பனை கூடாது’ என்ற ஒற்றை வரி விதியால் இந்த ஊடுருவலைத் தடுக்க முடியாது. எண் வாங்குவதற்கும் சேர்த்து விதி வேண்டும்.

நூல் வெளியீட்டை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாசலில் மேசை போட்டு 10 விழுக்காடு கழிவில் புத்தகம் விற்பதும் விற்பனைதான் என்று வாதிடுவோர் உண்டு. புத்தகம் நூலகத்தின் சொந்தச் சரக்கு என்பதால் அது வணிகப் பயன்பாடு ஆகாது.

கோட்டூர்புரம் வழக்கு

2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தது. பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2012-இல் அரங்கம் திருமண வரவேற்புக்கு விடப்பட்டது. படிக்க வந்தவர்கள் பந்தி நடப்பதைப் பார்க்க நேர்ந்தது. நூலகத்தோடு தொடர்பில்லாத நிகழ்ச்சிகளுக்கு அரங்கை விடக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அரங்கின் பயன்பாடும் நூலகத்தின் பயன்பாடும் ஒன்றே என்ற பார்வை இதனால் வலுப்பெற்றது.

பிற நாடுகள்

அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற நூலக உரிமைச் சாசனமே கூட்ட அறைகளைப் பற்றிப் பேசுகிறது: கொள்கையோ சார்போ பாராமல் எல்லாக் குழுவினருக்கும் சம அளவில் தரவேண்டும். 1989-இல் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு நூலக வழக்கில், பிற குழுக்களுக்குத் திறந்த அரங்கைச் சமயம் சார்ந்த பெண்கள் அமைப்புக்கு மறுக்க முடியாதென நீதிமன்றம் கூறியது. 2006-இல் கலிபோர்னியாவின் ஆன்டியாக் நூலக வழக்கில், வழிபாட்டு நிகழ்ச்சிக்கு அறை தர மறுக்கலாம் என்ற தீர்ப்பு வந்தது. வழக்குகள் சமயத்தைச் சுற்றியே வந்தாலும், வணிகரைப் பொறுத்தவரை அங்குள்ள நூலகங்கள் பலவும் விற்பனைக்குத் தடை, சிலவற்றில் கூடுதல் வாடகை என்று நடக்கின்றன. 1994-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை, நூலகச் சேவைகள் வணிக நெருக்கடிக்கு உட்படக்கூடாது என்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் தன் அறைகளை வெளிப்படையாகவே வாடகைக்குத் தருகிறது. தமிழ் நூல் வெளியீடுகளும் அங்கு நடக்கின்றன.

ஜவ்வாது மலை

நூலகத்தில் அரங்கே இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஜவ்வாது மலை ஓர் எடுத்துக்காட்டு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்த இம்மலையின் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையோர். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று வகுத்தது. அந்த நூலகங்கள் ஓரறைக் கட்டடங்கள். அரங்கு என்பது அவற்றின் வரைபடத்திலேயே இல்லை. கூட்டம் என்றால் நாளிதழ் மேசையைச் சுவரோரம் நகர்த்த வேண்டும். ஆகவே சமவெளியில் நூலக அரங்கைத் தேடும் முகவர்களுக்கு இங்கு பள்ளி வளாகமும் சமுதாயக் கூடமும்தான் கதி. அவற்றுக்கு நூலகச் சட்டம் பொருந்தாது. சாமை, தேன், கடுக்காய் விற்கும் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் கூடிப் பேச இடம் கேட்டால் அது வணிகக் கூட்டமா என்பதற்குச் சட்டத்தில் நேர்விடை இல்லை. உறுப்பினர் அனைவரும் ஊர்க்காரர்கள் என்பதால், அதை வாசகர் வட்டத்துக்கு நிகராகக் கொள்வதே பொருத்தம்.

இன்றைய நிலை

மதுரையில் 2023 ஜூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கூட்ட அரங்குகள் உண்டு. திருச்சி, கோவை நகரங்களுக்கும் 2024-இல் பெருநூலகங்கள் அறிவிக்கப்பட்டன.