முள்ளை எடுத்த முள்

2020, டிசம்பர் 8. காலை ஆறரை மணி. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரு மருத்துவமனை. மார்கரெட் கீனன் என்கிற பாட்டி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு வாரம் போனால் 91 வயது. ஊசி குத்தினார்கள். சோதனைகளுக்கு வெளியே, ஃபைசர்-பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட உலகின் முதல் மனுஷி அவர்தான்.

ஒரே வருஷத்தில் தடுப்பூசியா? உலகம் வாயைப் பிளந்தது. பலருக்குச் சந்தேகம்கூட வந்தது. உண்மையில் அதற்குப் பிடித்தது ஒரு வருஷமல்ல. கிட்டத்தட்ட அறுபது!

1961. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரஹாம் ஆய்வு நிலையம். அலெக் பாங்ஹாம் என்ற ரத்த ஆய்வாளர், புதிதாக வந்திருந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கொழுப்புப் பொருள் ஒன்றை வைத்துப் பார்த்தார். தண்ணீர் பட்டதும் அது தானாகவே சுருண்டு, குட்டிக் குட்டிக் குமிழிகளாக மாறியிருந்தது. நம் உடம்பின் செல் சவ்வும் இதே மாதிரி கொழுப்புப் படலம்தானே! அப்படியானால் குமிழிக்குள் மருந்தை அடைத்து செல்லுக்கு அனுப்பலாமே?

சொல்வது சுலபம். அனுப்ப வேண்டிய சரக்கு எம்.ஆர்.என்.ஏ. 'இந்தப் புரதத்தைத் தயார் செய்' என்று செல்லுக்குச் சொல்லும் துண்டுச்சீட்டு. தனியாக உடம்புக்குள் போனால் நிமிஷத்தில் சிதைந்துவிடும். போதாக்குறைக்கு, அதை எதிரி என்று நினைத்து உடம்பு கொதித்தெழும்.

இந்தச் சீட்டையே கட்டிக்கொண்டு அழுதவர் கேத்தலின் கரிக்கோ. 1985-ல், மகளின் கரடி பொம்மைக்குள் 900 பவுண்டை வைத்துத் தைத்து, ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா வந்தவர். ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கவில்லை. 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. அசரவில்லை. ட்ரூ வைஸ்மேனுடன் சேர்ந்து, சீட்டில் ஓர் எழுத்தை லேசாக மாற்றினால் உடம்பு கொதிக்காது என்று 2005-ல் நிரூபித்தார். 2023-ல் இருவருக்கும் நோபல்.

சீட்டு ரெடி. உறை? எம்.ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ள நேர் மின்சாரம் உள்ள கொழுப்பு வேண்டும். ஆனால், அது செல்லுக்கே விஷம். கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினர் இந்தச் சிக்கலோடு பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். விடையாகக் கிடைத்தது ஒரு பச்சோந்திக் கொழுப்பு. ரத்தத்தில் சமர்த்தாக இருக்கும். செல்லுக்குள் அமிலம் பட்டதும் மின்சாரம் ஏறி, சரக்கை இறக்கிவிடும். இந்த வகை நானோ குமிழியில் அடைத்த முதல் மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு. அடுத்த இரண்டாவது வருஷம் கொரோனா!

வேடிக்கை என்ன தெரியுமா? கொரோனா வைரஸும் ஒரு கொழுப்பு உறைதான். உள்ளே ஆர்.என்.ஏ. அளவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறு, ஒரு நானோமீட்டர். தடுப்பூசிக் குமிழியும் ஏறக்குறைய அதே சைஸ். திருடனின் வேஷத்திலேயே போலீஸை அனுப்பியிருக்கிறார்கள்!

2024-ல் ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு நுரையீரல் வைரஸுக்கும் இதே முறையில் தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால், இதெல்லாம் வருமுன் காப்பது. வந்தபின் குணப்படுத்த, குமிழியை மூச்சு வழியே நேராக நுரையீரலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். நெபுலைசரின் வேகத்தில் குமிழி உடைகிறது. தப்பினால் சளியில் மாட்டுகிறது.

இன்றைக்கும் ஏதோ ஒரு லேபில், பதவியும் பணமும் இல்லாத யாரோ ஒருவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். அவரையாவது பதவி இறக்காமல் விட்டுவைக்க வேண்டும்.