விசா: ஊர் பார்க்கவும் வேலை பார்க்கவும்

விசா: வெளிநாட்டார் ஒருவர் எல்லைக்குள் வரவும், இத்தனை நாள் தங்கவும், இன்ன காரியம் செய்யவும் ஒரு நாடு முன்கூட்டியே தரும் அனுமதி. கடவுச்சீட்டைத் தருவது சொந்த நாடு; ஆள் யார் என்று அது சொல்லும். விசாவைத் தருவது போகிற நாடு; வந்த காரியம் என்ன என்று அது சொல்லும். 'பார்க்கப்பட்ட தாள்' என்று பொருள்படும் 'சார்ட்டா விசா' என்ற இலத்தீன் தொடரிலிருந்து பெயர் வந்தது. தமிழ்நாட்டில் எழுத்து நடைக்கு 'நுழைவிசைவு' என்றொரு சொல் உண்டு. பேச்சில் அது ஏறவே இல்லை. இலங்கைத் தமிழர் 'வீசா' என்று நெடிலிட்டு எழுதுவர். அதைக் கொடுக்கும் இடம் அங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். மலேசியாவில் குடிநுழைவுத் துறை.

தமிழில் ஊரையும் பார்க்கிறோம், வேலையையும் பார்க்கிறோம். கடந்த நூறாண்டு விசா வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டு பார்த்தலையும் பிரித்துவைக்க நாடுகள் பட்ட பாடுதான். மடிக்கணினி அந்தக் கோட்டை அழித்தது. 2020 முதல் வந்துகொண்டிருக்கும் தொலைவேலை விசாக்கள் அதை வேறு இடத்தில் வரைந்து பார்க்கின்றன.

முத்திரைச் சீட்டு

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்திராத்யட்சன் என்ற அதிகாரியைக் குறிப்பிடுகிறது. ஒரு மாஷகக் காசு வாங்கிக்கொண்டு முத்திரைச் சீட்டு தருவது அவன் வேலை. நாட்டுக்குள் வருவோரும் வெளியே போவோரும் அதைக் காட்ட வேண்டும். சீட்டில்லாத உள்நாட்டானுக்கு 12 பணம் தண்டம். கட்டணமும் சோதனையும் தண்டமும் அப்போதே இருந்தன என்று சொல்லலாம். அங்கிருந்து இன்றைய விசாவுக்கு நேர்கோடு இழுப்பதுதான் சரியாகாது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா எதிர்த்திசையில் போனது. ரயில் பெருகிக் கூட்டம் கூடியதும் தாள் சோதிப்பது கட்டுப்படியாகவில்லை. பிரான்ஸ் 1861-இல் கடவுச்சீட்டையும் விசாவையும் கைவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பெரிய நாடுகள் ரஷ்யாவும் உதுமானியப் பேரரசும். 1914-க்கு முன் கடவுச்சீட்டே இல்லாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததை ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தம் நினைவு நூலில் பதிந்திருக்கிறார்.

முதல் உலகப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. ஒற்றர் பயத்தில் எல்லைகள் மூடப்பட்டன. புகைப்படம் ஒட்டிய கடவுச்சீட்டு கட்டாயமானது. போர் முடிந்ததும் இவற்றை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. 1920 அக்டோபரில் உலக நாடுகள் சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாட்டில் உடனே எடுக்க முடியாது என்றார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக 32 பக்கப் புத்தக வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். தற்காலிக ஏற்பாடு நூறாண்டைக் கடந்துவிட்டது. இந்தியாவில் அதே 1920-இல் வந்த கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான் ஓய்வு பெற்றது.

தமிழருக்கு இந்த மாற்றம் உறைத்த இடம் பாக் நீரிணை. 1914 முதல் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். வியாபாரிகளும் நாடகக் குழுக்களும் அப்படிப் போய்வந்தன. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாம் வழியாகப் போயினர். சுதந்திரம் பெற்ற கையோடு இலங்கை இயற்றிய 1948-இன் 20-ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்தப் பாதையின் குறுக்கே கடவுச்சீட்டையும் வீசாவையும் நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக நடந்த போக்குவரத்து ஒரு சட்டத்தால் குற்றமாயிற்று. தாளில்லாமல் படகேறி வந்தவரைக் குறித்த 'கள்ளத்தோணி' என்ற சொல் பிறகு மலையகத் தமிழர் எல்லோர் மேலும் வசையாக விழுந்தது.

சுற்றுலாப் பயணி என்பவர் யார்

விசா வகைகளைப் பிரிக்க முதலில் பயணியை வரையறுக்க வேண்டியிருந்தது. 1937-இல் உலக நாடுகள் சங்கத்தின் புள்ளியியல் நிபுணர்கள், 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வேறொரு நாட்டில் தங்குபவரைச் சுற்றுலாப் பயணி என்றனர். அங்கே வேலைக்கு வருபவரை விலக்கினர். 1963-இல் ரோமில் நடந்த ஐ.நா. மாநாடு இந்த விலக்கைக் கூர்மையாக்கியது. போகிற நாட்டுக்குள்ளிருந்து ஊதியம் வரும் தொழிலைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காக வந்தாலும் அவர் வருகையாளர் என்றது.

இந்த வரையறையில் கவனிக்க வேண்டியது 'நாட்டுக்குள்ளிருந்து' என்ற ஒரு சொல். சென்னை நிறுவனத்தின் சம்பளத்தைச் சென்னை வங்கியில் வாங்கிக்கொண்டு பினாங்கில் உட்கார்ந்து கோடிங் எழுதுபவர் 1963-இன் கணக்கில் வெறும் வருகையாளர்தான். ஆனால் அது புள்ளிவிவரத்துக்கான வரையறை. பெரும்பாலான குடிவரவுச் சட்டங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. வேலை செய்யும் உடம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டன. அறுபது ஆண்டுக் குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

சுற்றுலா விசாவின் நடப்பு

சுற்றுலா விசா கேட்பவர் தாம் திரும்பி வருவோம் என்று நிரூபிக்க வேண்டும். அமெரிக்கா இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது: 1952-இன் குடியேற்றச் சட்டம் 214(பி) பிரிவின்படி, பி-2 சுற்றுலா விசாவுக்கு வருபவர் மாற்றிக் காட்டும்வரை குடியேற வந்தவராகவே கருதப்படுவார். சென்னை அண்ணா மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வரிசையில் நிற்பவர்களின் கோப்புகளைத் திறந்தால் இந்தப் பிரிவின் உரை கிடைக்கும்: வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, லீவு லெட்டர், ஊரில் நடக்கவிருக்கும் கல்யாணத்தின் அழைப்பிதழ். பல நேரம் அதிகாரி ஒரு தாளையும் வாங்கிப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று கேள்வியில் முடித்துவிடுவார். ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்று பெயர் வந்ததும், சென்னை விமான நிலையத்தருகே ஒரு பிள்ளையார் 'விசா கணபதி' ஆனதும் இந்த இரண்டு மூன்று கேள்விகளின் பயத்தால்தான்.

ஐரோப்பா கையாண்ட வழி எண்ணிக்கை. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் ஒப்பமிட்டன. எல்லைச் சோதனை 1995-இல் எடுக்கப்பட்டது. இப்போது 29 நாடுகள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. மார்ச் 1-இல் இறங்கி மே 29-இல் கிளம்பினால், வந்த நாளும் போன நாளும் சேர்ந்து சரியாக 90. மறுபடி உள்ளே வர ஆகஸ்ட் 28 வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. 180 நாள் சட்டகம் தினமும் ஒரு நாள் நகர்கிறது. இன்னொரு பொறி விசா ஒட்டுவில்லையிலேயே இருக்கிறது. அதில் இருக்கும் இரண்டு தேதிகள் விசா உயிரோடிருக்கும் காலம். தங்கலாம் என்ற நாள்கள் தனியாக ஓர் எண்ணாக இருக்கும், அது பெரும்பாலும் குறைவு. இந்தியரைப் பொறுத்தவரை 2024 ஏப்ரலில் ஒரு தளர்வு வந்தது: மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு அடுத்தது இரண்டாண்டுக்குக் கிடைக்கலாம்.

ஒட்டுவில்லை மெல்ல மறைந்துவருகிறது. ஆஸ்திரேலியா 1996-இல் மின்னணு அனுமதியைத் தொடங்கியது. இந்தியா 2014 நவம்பர் 27 அன்று இணையவழி முறைக்கு வந்தது. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசாவே வேண்டாம் என்றது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாளாக்கியது. விசா வேண்டாம் என்றால் கேள்வி வேண்டாம் என்று பொருளில்லை. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் விமான நிலைய முகப்பில் கேட்கலாம். உள்ளே விடும் முடிவு அங்கிருக்கும் அதிகாரியுடையது.

வேலை பார்க்கச் சுற்றுலா விசாவில் போவது தமிழகத்துக்குப் பழகிய கதை. வளைகுடாவுக்கு 'விசிட் விசா'வில் போய், அங்கே வேலை தேடி மாற்றிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஏமாந்து திரும்பியவர்களும் அப்படியே. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். உள்ளூர் முதலாளி வேலை தருவதாகச் சொல்லிச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னால், அந்த ஒன்றே போதும், நின்று யோசிக்க.

மடிக்கணினியோடு வந்தவர்

1983-இல் அமெரிக்கரான ஸ்டீவன் ராபர்ட்ஸ் படுத்தவாறு மிதிக்கும் சைக்கிளில் சூரியத் தகடும் சிறு கணினியும் கட்டிக்கொண்டு நாடு சுற்றினார். வழியில் எழுதியதைத் தொலைபேசி வழியே அனுப்பிப் பிழைத்தார். 1997-இல் ட்சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் எழுதிய நூல் 'டிஜிட்டல் நாடோடி' என்ற பெயரைத் தலைப்பாக்கியது. அடுத்த இருபதாண்டு, பாலியிலும் சியாங் மாயிலும் இப்படிப்பட்டவர்கள் சுற்றுலா விசாவில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். விசா முடியும்போது பக்கத்து நாட்டுக்கு ஒரு நடை போய்த் திரும்புவார்கள். அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. காப்பிக்கடையில் காசு விழுந்ததால் கண்டுகொள்ளவில்லை.

கொரோனா இதை வெளிப்படையாக்கியது. சுற்றுலாவை நம்பிய பார்படோஸ், 2020 ஜூலையில் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்று 12 மாத அனுமதி கொடுத்தது: ஆண்டு வருமானம் 50,000 டாலர், கட்டணம் 2,000 டாலர், உள்ளூர் வருமான வரி கிடையாது. எஸ்டோனியா அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. அந்த நாட்டின் இ-ரெசிடென்சி அட்டையை விசா என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது நிறுவனம் நடத்த உதவும் மின்னணு அடையாளம். அதைக் காட்டித் தாலின் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. போர்ச்சுகல் 2022 அக்டோபரில் உள்ளூர் குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு வருமானம் கேட்டது. ஸ்பெயின் இரண்டு மடங்கு கேட்டது, உள்ளூர் வாடிக்கையாளரிடமிருந்து வருவது 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது.

எல்லா நாட்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இவை பேருக்குத்தான் வேலை விசாக்கள் என்று தெரியும். என்ன வேலை, எவ்வளவு திறமை என்பதை விடச் சம்பளச் சீட்டும் காப்பீடும்தான் கேட்கப்படுகின்றன. வருபவர் வேலையைப் பறிக்க மாட்டார், பணத்தை மட்டும் விட்டுப் போவார் என்ற கணக்கு. வீட்டு வாடகை ஏறும் லிஸ்பன்காரர்களிடம் கேட்டால் அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்பார்கள்.

கடவுச்சீட்டின் நிறமும் கணக்கில் வரும். ஜப்பான் 2024 மார்ச்சில் தொடங்கிய ஆறு மாத அனுமதிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி யென் வருமானம் வேண்டும். அதோடு, ஏற்கெனவே விசா விலக்கு பெற்ற நாட்டுக்காரராகவும் இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்தியருக்கு அந்தக் கதவு திறக்காது. எட்டும் தூரத்தில் இருப்பவை தென்கிழக்காசியாவில். மலேசியாவின் 'டி ரந்தாவ்' பாஸ் 2022 அக்டோபரில் வந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும், ஓராண்டு தங்கி இன்னோர் ஆண்டு நீட்டிக்கலாம். ஈப்போவிலோ பினாங்கிலோ தமிழ்க் கடையில் தோசை தின்றுகொண்டு வேலை பார்க்கலாம் என்பது விதியில் இல்லாத வசதி. இந்தியா இப்படியொரு விசாவைத் தனியாக வைத்திருக்கவில்லை.

வேறு சில நாடுகள் புது விசாவே வேண்டாம் என்று பழைய வருகையாளர் விதியைத் தளர்த்தின. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வந்த முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை தொலைவேலை செய்யலாம் என்றது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் வருகையாளர் விசாவிலேயே வெளிநாட்டு முதலாளிக்கு வேலை செய்ய விட்டது. ரோம் மாநாட்டின் 'நாட்டுக்குள்ளிருந்து' என்ற சொல் குடிவரவு விதிக்குள் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

விசா கிடைத்தபின்னும் வரி தனியாக நிற்கிறது. குடிவரவு அலுவலகம் அதைச் சொல்லித்தராது. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டி.டி.வி. என்ற தொலைவேலை விசாவுக்குக் கட்டணம் 10,000 பாட், கையிருப்பு 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், ஐந்தாண்டு செல்லும். ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள் தங்கியவரை அந்நாட்டு வரிச் சட்டம் உள்ளூர்வாசியாகக் கொள்ளும். வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் 2024 முதல் கணக்குக் கேட்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் பாங்காக்கில் இறங்கி, விசா விட்ட கடைசி நாள்வரை இருந்து கிளம்புபவர் விமானம் ஏறும்போது வரிச் சட்டத்தின் உள்ளூர்வாசிகள் பட்டியலில் ஏறியிருப்பார். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, அந்த ஆண்டில் மறுபடி வராதவர் ஏறியிருக்க மாட்டார்.