பதிலைக் கையில் வைத்திருக்கும் பூதம்

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிப் பழக்கத்தில் நான் அதைக் "காயே" என்பேன். மற்றவர்களுக்கு அது சிட்டை. ஊழியர்களின் பெயர், எண், பதவி, வாரிசு நியமனம் எல்லாவற்றையும் பணிப்பதிவேட்டிலிருந்து அதில் நகல் எடுத்து வைத்திருப்போம். அசல் பதிவேடுகள் மாடியில் ரெக்கார்டு ரூமில் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மாடி ஏறி இறங்க முடியுமா? யார் கேட்டாலும் சிட்டையைப் புரட்டி ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவோம்.

ஒருமுறை ஊழியர் ஒருவர் இறந்துபோனார். திருமணத்துக்குப் பின் அவர் வாரிசுப் பெயரைத் தம்பியிலிருந்து மனைவிக்கு மாற்றியிருந்தார். பதிவேட்டில் அது ஏறியிருந்தது, சிட்டையில் ஏறவில்லை. நான் சிட்டையைப் பார்த்தே கடிதம் எழுதிவிட்டேன். அதைச் சரிசெய்ய அந்த அம்மா நான்கு மாதம் அலைந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தக் கதை சென்ற மாதம் திரும்ப நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் தம்பி மகன். சர்வர் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். "பெரியப்பா, உங்க சிட்டை மாதிரியே எங்க மிஷின்லயும் ஒண்ணு இருக்கு. பேரு என்.எஸ்.சி.டி. அதுக்குப் போட்ட காவல் கதை உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பிடித்துத்தான் போயிற்று. அவனிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

திரைமறைவில் ஓயாமல் வேலை செய்யும் நிரலை "டீமன்" என்பார்கள், அதாவது பூதம். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பிராஜெக்ட் மாக் என்ற திட்டத்தில் இருந்தவர்கள் இட்ட பெயர். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைத் தரம்பிரித்து அனுப்பும் பூதத்தை மனத்தில் வைத்து இட்டார்களாம். நம் ஊர்க் கதையில் வரும் குட்டிச்சாத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் சொன்ன வேலையைச் செய்யும். அதன் கையில் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் ஆபத்து.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிரலும் ஓயாமல் கேள்வி கேட்கும். இந்த எண்ணுக்குரிய ஆள் யார்? அவர் எந்தக் குழு? இந்தப் பெயருள்ள இயந்திரத்தின் முகவரி என்ன? விடை சில சமயம் உள்ளூர்க் கோப்பில் இருக்கும், சில சமயம் வலையில் எங்கோ தூரத்து சர்வரில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அங்கே போனால் நேரம் வீண். ஆகவே கேட்ட விடையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அடுத்தவருக்கு உடனே சொல்ல ஒரு பூதம். சன் நிறுவனத்தின் சோலாரிஸில் இது முன்பே இருந்தது. லினக்ஸுக்கு 1999-இல் வந்த ஜிலிப்சி 2.1 தொகுப்போடு கிடைத்தது. ஆளைப் பற்றிய விடையை வழக்கமாக 600 வினாடி வைத்திருக்கும். "அப்படி ஒருவர் இல்லை" என்ற விடையைக்கூட 20 வினாடி வைத்திருக்கும். எங்கள் சிட்டைக்கு இப்படி ஒரு காலக்கெடு இருந்திருந்தால் அந்த அம்மா அலைந்திருக்க மாட்டார்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். இந்தப் பூதம் சொல்வதை மற்ற நிரல்கள் அப்படியே நம்புகின்றன. யாராவது அதன் நிரலில் ஓட்டை கண்டு உள்ளே புகுந்துவிட்டால், சாதாரண ஆளை "இவர்தான் தலைமை நிர்வாகி" என்று பொய் சொல்ல வைக்கலாம். பூதமே நிர்வாகி அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், புகுந்தவருக்கு வீடு முழுவதும் திறந்த மாதிரி.

பழைய யூனிக்ஸ் முறையில் கோப்புக்கு உரியவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி தரலாம், நிர்வாகிக்குத் தடையே இல்லை. எங்கள் சூப்பரிண்டெண்டென்ட் டீ குடிக்கப் போகும்போது சாவிக்கொத்தை அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான். ஆனால் பூட்டின் பலம் அவருடைய மனசின் பலம்தான்.

இதற்கு மாற்றாக வந்ததே கட்டாய அணுகல் கட்டுப்பாடு. இங்கே அனுமதியைத் தீர்மானிப்பது உரியவரின் விருப்பம் அல்ல, மேலிருந்து வகுத்த விதி. 1973-இல் மைட்டர் என்ற நிறுவனத்தில் டேவிட் பெல், லியனார்ட் லபடூலா என்ற இருவர் அமெரிக்க விமானப்படைக்காக இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். கீழ்த்தட்டில் இருப்பவர் மேல்தட்டு ரகசியத்தைப் படிக்கக் கூடாது. மேல்தட்டில் இருப்பவர் கீழே எழுதவும் கூடாது, ரகசியம் கசிந்துவிடும் என்பதால். 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, அட்டை நிறத்தால் "ஆரஞ்சு புத்தகம்" என்று பெயர் பெற்ற நூல், இதைக் கம்ப்யூட்டர்களைத் தரம்பிரிக்கும் அளவுகோலில் சேர்த்தது.

ராணுவத்துக்கு இது பொருந்தியது. சாதாரண சர்வருக்கு "ரகசியம், பரம ரகசியம்" என்ற படிக்கட்டு உதவவில்லை. 1985-இல் போபர்ட், கெய்ன் என்ற இருவர் வேறு வழி சொன்னார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வகைச் சீட்டு ஒட்டுவோம், எந்த வகை எந்த வகையைத் தொடலாம் என்று அட்டவணை போடுவோம் என்றார்கள். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சியின் முடிவில், 2000 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை எஸ்.ஈ.லினக்ஸ் என்பதை மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒற்றுக்கேட்பதே தொழிலாக உள்ள அமைப்பு பூட்டைச் செய்து இலவசமாகக் கொடுத்தது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். வந்தது. ஆனால் மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கலாம் என்பதால் நிலைத்தது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கருவிலேயே அது இடம்பெற்றது.

முதலில் பட்ட பாடும் உண்டு. 2004-இல் ஃபெடோரா கோர் 2 சோதனையில் இருந்தபோது எல்லா நிரல்களுக்கும் கடும் விதி போட்டுப் பார்த்தார்கள். எதைத் தொட்டாலும் தடை. ஆகவே வெளியீட்டின்போது அணைத்தே வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த கோர் 3-இல் புத்தி மாற்றினார்கள். எல்லோரையும் கட்டாமல், ஆபத்து அதிகமுள்ள சில பூதங்களை மட்டும் கட்டினார்கள். அந்தச் சிறிய பட்டியலில் வலைச் சேவையகத்தோடு நம் என்.எஸ்.சி.டி.யும் இருந்தது.

விதி சொல்வது இதுதான். ஆட்கள் பட்டியலைப் படிக்கலாம், பெயர் விசாரிக்க வலைக்குப் போகலாம், தன் சிட்டையைத் தன் அறையில் எழுதலாம். கடவுச்சொல் இருக்கும் கோப்பில் கைவைக்கக் கூடாது. அது நிர்வாகி அதிகாரத்தில் ஓடினாலும் இதே விதிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பூதத்தைக் கட்டியதோடு நிறுத்தாமல், அதையே காவலாளியாகவும் ஆக்கினார்கள். யாராவது கேள்வி கேட்டால், கேட்பவர் எந்த வகைச் சீட்டு உள்ளவர் என்று கருவிடம் விசாரிக்கும். கேட்பவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாது. ஆளைப் பற்றிக் கேட்கத் தனி அனுமதி, குழுவைப் பற்றிக் கேட்கத் தனி, இயந்திர முகவரிக்குத் தனி. சிட்டையையே கையில் வாங்கிப் படிப்பதற்கு வேறு அனுமதி, ஏனென்றால் அதன்பின் ஒவ்வொரு கேள்வியையும் தடுக்க முடியாது. பழைய விடைகளை அழிக்கச் சொல்லும் உரிமை நிர்வாக அனுமதி உள்ளவருக்கு மட்டும்.

வேலி வீண் அல்ல. 2024-இல்கூட இந்தப் பூதத்தில் பல ஓட்டைகள் கண்டு அடைத்தார்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் நம் கைப்பேசிகளிலும் இதே எஸ்.ஈ.லினக்ஸ்தான் முழுமையாகக் காவல் இருக்கிறது.

"ஏதாவது ஓடலைன்னா எல்லாரும் முதல்ல இதைத்தான் அணைப்பாங்க, பெரியப்பா. நான் அணைக்க மாட்டேன்" என்றான் பையன். சந்தோஷமாக இருந்தது. பிறகு கேட்டேன்: "விதி எல்லாம் சரிடா. சிட்டையில இருக்கிற விடை பழசா இருந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "அதை விதி பார்க்காது. மூலக்கோப்பு மாறிச்சான்னு பூதமே அப்பப்ப பார்த்துக்கும். தூரத்து சர்வர்ல மாறினா, கெடு முடியற வரைக்கும் பழசைத்தான் சொல்லும். அவசரம்னா நாமதான் அழிக்கணும்."

மாடி ஏறிப் பார்க்க வேண்டிய வேலை அப்போதும் என்னுடையதுதான்.