எபிசோட்: 04298 தட்டினதும் என்ன நடந்துச்சு?

சென்னையில ஒரு எஸ்டிடி பூத்தை நினைச்சுக்கோங்க. ராத்திரி கட்டணம் குறையுற நேரம், வெளியே வரிசை. உள்ளே ஒருத்தர் மேட்டூர் வீட்டுக்கு 04298-ன்னு ஆரம்பிச்சு நம்பர் தட்டுறார். ரிங் போறதுக்கு முன்னாடி சில நொடி அமைதி. இன்னிக்கு எபிசோட் அந்த அமைதியைப் பத்திதான். அப்போ எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள்ள பேசிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு காலத்துல இதை மனுஷங்கதான் செஞ்சாங்க. ட்ரங்க் கால் புக் பண்ணணும்: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். ஆபரேட்டர்கள் ஊர் ஊரா இணைச்சுட்டு உங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள மணிக்கணக்கு ஆகலாம். 1960 நவம்பர்ல லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவுல இந்தியாவோட முதல் எஸ்டிடி வந்துச்சு. ஆபரேட்டர் பேசினதை இனி மெஷின் பேசணும்.

எந்த மொழியில? நம்ம நாட்டுல பரவலா இருந்தது ஆர்2. மொத்தம் ஆறு ஒலி. ஒரே நேரத்துல ரெண்டு ஒலிச்சா ஒரு குறி. அப்போ 15 ஜோடி கிடைக்கும். பத்து இலக்கத்துக்கு அது தாராளம். பதில் சொல்ல எதிர்த்திசையில வேற ஆறு ஒலி. 'கிடைச்சுது, அடுத்ததைக் குடு'ன்னு அந்தப் பக்கம் சொல்ற வரைக்கும், அனுப்புற எக்ஸ்சேஞ்ச் தன் ஒலியை நிறுத்தாது.

சிக்கல் என்னன்னா, இந்த ஒலியெல்லாம் பேச்சு போற அதே வழியில போகும். அமெரிக்காவுல இருந்த முறையில 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டா, லைன் காலியாயிடுச்சுன்னு எக்ஸ்சேஞ்ச் நம்பிடும். சீரியல் டப்பாவுல இலவசமா வந்த ஒரு விசிலுக்கும் அதே ஸ்ருதி! அதை ஊதியே ஓசியில பேசினாங்க.

அதனாலதான் எஸ்எஸ்7. 1980-ல உலகத் தரமா வந்துச்சு. பேச்சு ஒரு ரோட்டுல, சிக்னல் தனி ரோட்டுல. 'இந்த நம்பர் வேணும்'னு ஒரு செய்தி போகும். 'ரிங் அடிக்குது'ன்னு ஒண்ணு திரும்பும். 'எடுத்தாச்சு'ன்னு வந்த அப்புறம்தான் கட்டணம் ஓடும். வெச்சதும் 'விடுவிச்சுடு'. எங்கேஜ்டா இருந்தா பேச்சு வழியை உடனே அடுத்தவருக்குக் குடுத்துடலாம். விசிலுக்கும் இங்க வேலையில்ல.

ஆனா இது, சில டெலிபோன் கம்பெனிகள் மட்டும் இருந்த காலத்துல போட்ட டிசைன். உள்ளே வர்ற எல்லாரும் நம்மாளுதான்னு அது நம்புச்சு. பின்னாடி நூத்துக்கணக்கான கம்பெனிகள் சேர்ந்தாச்சு, நம்பிக்கை மட்டும் மாறல. 2017-ல ஜெர்மனியில திருடங்க எஸ்எஸ்7 வழியா வாடிக்கையாளர்களோட எஸ்எம்எஸ்-ஐத் திருப்பிவிட்டு, வங்கியோட ரகசிய எண்ணைப் பிடிச்சு, கணக்கைக் காலி பண்ணாங்க.

ட்ரங்க் ஆபரேட்டர் முதல்ல 'எந்த நம்பர்ல இருந்து பேசுறீங்க?'ன்னு கேப்பார். எஸ்எஸ்7, சொன்னதை அப்படியே நம்பிடும். எஸ்எம்எஸ்ல ஓடிபி வர்ற ஒவ்வொரு தடவையும் நாம நம்புறது அந்த ஏற்பாட்டைத்தான். ஓடிபிக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் வெச்சுக்க வழி இருந்தா, இன்னிக்கே மாத்திடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!