பென்டாக்ஸ் கே1000: மாணவர் கேமரா உருவான கதை

ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1976ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000, கற்பவருக்கென்றே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட கேமரா என்று பலரும் கருதினாலும், அதன் பிறப்பில் கல்வி நோக்கத்தைவிடச் சிக்கன நோக்கமே மேலோங்கியிருந்தது. லென்ஸின் வழியே வரும் ஒளியைக் கண்ணாடி ஒன்றால் திருப்பி, படமாகப்போகும் காட்சியையே கண்ணுக்குக் காட்டும் 'எஸ்.எல்.ஆர்.' வகையில், இந்நிறுவனம் 1952இலேயே அசாஹிஃப்ளெக்ஸ் என்ற கேமராவை வெளியிட்டு ஜப்பானில் முன்னோடியாக விளங்கியது. 1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக், லென்ஸின் ஊடாகவே ஒளியை அளக்கும் மானியைப் பலருக்கும் எட்டச் செய்தது. லென்ஸைத் திருகிப் பொருத்தும் பழைய முறையைக் கைவிட்டு, சற்றே திருப்பிப் பூட்டும் 'கே' பொருத்தியை 1975இல் அறிமுகப்படுத்திய நிறுவனம், அவ்வாண்டின் கே.எம். கேமராவிலிருந்து தாமத இயக்கியையும், படத்தில் தெளிவாக விழும் ஆழத்தை முன்கூட்டியே பார்க்க உதவும் விசையையும் நீக்கி, விலை குறைந்த கே1000ஐ உருவாக்கியது.

அதே 1976இல், நுண்செயலியின் துணையால் ஒளியளவைத் தானே தீர்மானிக்கும் கேனன் ஏஇ-1 வந்திருந்ததால், கே1000 பிறக்கும்போதே பழையதாகத் தோன்றியது. ஆனால் ஒளி நுழையும் துளையின் அளவாகிய அபர்ச்சரையும், ஒரு விநாடி முதல் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் பயில்பவரே தேர்ந்து, காட்சிக் கண்ணாடிக்குள் தெரியும் முள்ளை நடுவில் நிறுத்த வேண்டியிருந்ததால், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும் என்ற அடிப்படை விதி விரல்வழியே பதிந்தது. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் இதனையே வாங்கச் சொன்னதற்கு விலையோடு இந்த வசதிக்குறைவும் காரணமாயிற்று. வணிகச் சிக்கனம் பாடமுறையாக மாறியது தற்செயலே எனலாம்.

இதன் ஒளிமானிக்கு அணைக்கும் விசைகூடக் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு ஒளியை மறைத்தால்தான் பேட்டரி மிஞ்சும். மூட மறந்த மாணவருக்குப் பேட்டரி தீர்ந்தாலும், ஷட்டர் முழுக்க இயந்திரவிசையால் இயங்கியமையால் படமெடுப்பது நிற்கவில்லை. நல்ல வெயிலில் அபர்ச்சரை 16இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் படச்சுருளின் உணர்திறன் எண்ணுக்கு இணையாக்கும் பழைய கணக்கு அப்போது கைகொடுத்தது.

உற்பத்தி பின்னர் ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் மாறி, உலோகப் பாகங்கள் சில பிளாஸ்டிக்காகின. முப்பது இலட்சத்துக்கும் மேல் விற்ற பின் 1997இல் உற்பத்தி நின்றது. அவ்விடத்தை நிரப்ப வந்த எம்இசட்-எம், பேட்டரியின்றி இயங்காத மின்னணுக் கேமராவாக இருந்ததால், வகுப்புகள் பலவும் பழைய கே1000களையே இரண்டாங்கையாக வாங்கிப் பயன்படுத்தி வந்தன.