கட்டியக்காரனும் குறும்படக்காரரும்

வன்முறையின் நடுவே சிரிப்பது தமிழருக்குப் புதிதன்று. காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் அடங்கிய வடதமிழகம் தெருக்கூத்து வளர்ந்த நிலம். திரௌபதி துகிலுரியப்படும் கொடுமையின் இடையிலும் கட்டியக்காரன் நகையாடுவான். செங்கோல் ஏந்தியவனையும் அவன் நாக்கு விடாது.

திரைக்கு வருவோம். 1986 இல் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் கூடி உருவாக்கிய 'ஊமை விழிகள்' படத்தில் கொலை அஞ்சத்தக்கதாகவே நின்றது. 2009 இல் கலைஞர் தொலைக்காட்சி 'நாளைய இயக்குநர்' என்னும் குறும்படப் போட்டியைத் தொடங்கிய பின்னர் காற்றுத் திசை மாறிற்று. சில நிமிடங்களில் கதை முடிய வேண்டும். அச்சுறுத்திவிட்டு இறுதியில் நகைக்க வைப்பது இளைஞர்க்குக் கைவந்த குறுக்குவழி ஆயிற்று.

அப்போட்டியின் முதற் பருவத்தில் வென்ற நலன் குமரசாமி 2013 இல் 'சூது கவ்வும்' எடுத்தார். ஆட்கடத்தலுக்கும் ஐந்து விதிகள் வகுத்துக்கொண்ட கூட்டத்தின் கதை அது. அரங்கம் அதிர நாமும் சிரித்தோம். ஆயின் அக்கதையில் ஏமாந்து நிற்பவர் நேர்மையான அமைச்சர். பதவியில் அமர்பவனோ தந்தையையே வஞ்சித்த மகன். இக்கேலி சற்றே கசப்பானது. கட்டியக்காரன் ஒப்புக்கொள்வான் என்றே எண்ணுகிறோம்.

அதே போட்டியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014) இன்னும் ஆழமானது. குறும்படப் போட்டியில் தோற்ற இளைஞன் ஒருவன் மதுரைக் கொலைகாரனைத் தேடிச் செல்கிறான். அவனையே நாயகனாக்கி எடுத்த படம் நகைச்சுவையாகி, ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அச்சம் அங்கே உடைகிறது. ஆனால் அக்கொலைகாரன் உயிரோடு எரித்த செய்தியாளன் என்ன ஆனான்? சிரிப்பு தொடங்கியபின் அவனை நினைப்பார் இல்லை. திருந்தியவனாகக் கொலைகாரன் நிற்க, மிரட்டக் கற்றவனாக இயக்குநன் நிற்கிறான்.

சாப்ளின் இதை முன்பே எதிர்கொண்டார். 1940 இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் இட்லரை நகையாடிய அவர், வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் அன்று தெரிந்திருப்பின் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என 1964 இல் வெளிவந்த தம் வரலாற்றில் எழுதினார்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். அவர்கள் கதையில் அடிப்பவன் யார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அடிபட்டவனுக்கு ஒரு பெயரேனும் உண்டா என்றே நாம் முதலில் கேட்கிறோம்.